வலி இல்லாத செயற்கைக் கணுக்காலுக்கு எதற்கு சிடி ஸ்கேன்?

கேள்வி: எனக்கு வயது 63. இளவயதில் ஏற்பட்ட எலும்பு முறிவால் வலது கணுக்கால் தேய்ந்துபோய், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டேன். முதல் நான்கு வருடம் தவறாமல் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினேன். பிறகு வலியே இல்லாததால் போவதை விட்டுவிட்டேன். சென்ற மாதம் கால் இடறி, வேறு காரணத்துக்காக எக்ஸ்ரே எடுத்தபோது, மூட்டுக்கு மேலே எலும்பில் கருப்பாக ஒரு குழி தெரிகிறது, சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு இப்போதும் வலி இல்லை, தினமும் நடக்கிறேன். இதற்குப் பயப்பட வேண்டுமா? இன்னொன்று. என் தம்பிக்கு 52 வயது. அவனுக்கும் கணுக்கால் தேய்மானம்தான். என்னைப் பார்த்துவிட்டுத் தானும் இதையே செய்துகொள்வதாக இருக்கிறான். அவனிடம் நான் என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சிடி ஸ்கேனை எடுத்துவிடுங்கள். இன்றே ஓட வேண்டிய அவசரம் இல்லை, சில வாரங்களுக்குள் எடுத்தால் போதும். ஆனால் காய்ச்சல், மூட்டைச் சுற்றிச் சிவப்பு, தொட்டால் சூடு, திடீர் வீக்கம், பழைய தழும்பில் நீர்க்கசிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம். செயற்கை மூட்டில் தொற்று என்பது பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடியது. பல்லிலோ, தோலிலோ, சிறுநீர்ப் பாதையிலோ இருக்கும் கிருமி இரத்தம் வழியாக அங்கே போய்ச் சேரும். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதுவும் இல்லை. ஆகவே இது வேறு விஷயம் என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: வலியே இல்லாதபோது எதற்கு இதெல்லாம்? பலரும் இதே எண்ணத்தில்தான் மூன்றாம், நான்காம் ஆண்டோடு பரிசோதனைக்கு வருவதை நிறுத்துகிறார்கள். செயற்கைக் கணுக்காலைப் பொறுத்தவரை இந்த எண்ணம் ஆபத்தானது. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் காலில் இருப்பது மூன்று துண்டுகள். கீழ்க்கால் எலும்பின் அடிமுனையில் ஓர் உலோகத் தகடு. அதற்குக் கீழே, பாதத்துக்கும் காலுக்கும் நடுவில் இருக்கும் டாலஸ் என்ற சிறிய எலும்பின் மேல் ஓர் உலோகத் தொப்பி. இரண்டுக்கும் இடையில் பாலிஎத்திலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக். சில வகைகளில் இந்தப் பிளாஸ்டிக் மேல் தகட்டோடு பூட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் நடுவில் தனியே நகரும். நடக்கும்போது கணுக்கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல ஐந்து மடங்கு வரை போகும். இடுப்பு, முழங்கால் மூட்டுகளோடு ஒப்பிட்டால் இங்கே அந்தச் சுமையைத் தாங்கும் பரப்பு மிகவும் குறைவு. ஒவ்வோர் அடியிலும் அந்தப் பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் தேய்கிறது.

தேய்ந்த துகள் சும்மா கிடப்பதில்லை. உடம்பிலுள்ள துப்புரவு அணுக்கள் அவற்றை விழுங்கப் பார்க்கின்றன. பிளாஸ்டிக்கைச் செரிக்க முடியாமல், அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களைச் சுரக்கின்றன. அந்தச் சுரப்பு, எலும்பைக் கரைக்கும் அணுக்களை உசுப்பிவிடுகிறது. விளைவாக, உலோகத்துக்குப் பக்கத்தில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டுக் குழியாகிறது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சுவருக்குள் கறையான் போல, வெளியே எதுவும் தெரியாமலே நடக்கும் வேலை இது. உலோகம் எலும்போடு இறுகப் பிடித்திருக்கும் வரை பெரும்பாலும் வலிக்காது. குழி பெரிதாகி, தாங்க எலும்பு இல்லாமல் உலோகம் அசைந்த பிறகோ, டாலஸ் நொறுங்கி உலோகம் அதற்குள் அமிழ்ந்த பிறகோதான் பலருக்கும் வலி வரும். அந்த நேரத்தில், சரிசெய்யத் தேவையான எலும்பே கையிருப்பில் இருக்காது. வலிக்காகக் காத்திருக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் காலிலும் இதுதான் நடக்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எக்ஸ்ரேயில் தெரியும் குழிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. தேய்மானம் இருந்த காலத்திலேயே உண்டான பழைய குழி அப்படியே தங்கியிருக்கலாம். மூட்டு பொருத்திய முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில், சுமை போகும் பாதை மாறுவதால் எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும்போதும் சிறு குழிகள் வரும், பிறகு அப்படியே நின்றுவிடும். இவற்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. கவலை தருவது, முன்பு இல்லாமல் புதிதாக வந்த குழியும், வருடத்துக்கு வருடம் வளர்கிற குழியும்தான்.

ஆகவே உங்கள் கையிலிருக்கும் மிக முக்கியமான பொருள் அந்த நான்கு வருட எக்ஸ்ரே படங்கள். தேடி எடுங்கள். உங்களிடம் இல்லையென்றால் அறுவை செய்த மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். நான்காம் ஆண்டுப் படத்தில் அந்த இடம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கூடவே அறுவைசிகிச்சைக் குறிப்பின் நகலையும் வாங்கி வையுங்கள். பொருத்தப்பட்ட மூட்டின் பெயர், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. உதாரணமாக, ஸ்டார் எனப்படும் மூட்டின் பிளாஸ்டிக் பகுதி எதிர்பார்த்ததைவிட அதிகமாக உடைகிறது என்று 2021-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் காலில் இருப்பது எந்த மூட்டு என்று தெரிந்தால்தான் இப்படிப்பட்ட எச்சரிக்கை உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க முடியும். ஒருவேளை பிளாஸ்டிக் மட்டும் மாற்ற வேண்டியிருந்தால், அதே வகையில் அதே அளவில் துண்டு வரவழைக்கவும் அந்தக் குறிப்புதான் ஆதாரம்.

எக்ஸ்ரே இருக்கும்போது சிடி எதற்கு என்றால், எக்ஸ்ரே தட்டையான படம். உலோகத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குழி அதில் தெரியாது, தெரிகிற குழியும் உள்ளதைவிடச் சிறிதாகவே தெரியும். டாலஸில் இருப்பது பெரும்பாலும் உலோகத் தொப்பிக்கு அடியிலேயே மறைந்துவிடும். சிடியில்தான் குழியின் உண்மையான அளவும், உலோகத்தைத் தாங்க எவ்வளவு எலும்பு மிச்சம் என்பதும் தெரியும். உலோகம் இருப்பதால் படத்தில் கீற்றுகள் விழும். அதைக் குறைக்கும் முறையில் எடுக்கச் சொல்லி மருத்துவர் சீட்டில் எழுதுவார். எழுதவில்லையென்றால் நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

சிடி முடிவு வந்த பிறகு என்ன நடக்கும்? குழி சிறியது, பழைய படத்திலும் அதே அளவு, உலோகம் அசையவில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ திரும்பப் பார்த்தால் போதும். வளர்ந்திருக்கிறது, ஆனால் உலோகம் இன்னும் உறுதியாக இருக்கிறது என்றால், அந்தக் கட்டத்தில்தான் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எலும்புத் துணுக்குகளால் நிரப்பி, தேய்ந்த பிளாஸ்டிக்கை மாற்றிவிடலாம். உலோகத் துண்டுகளைத் தொட வேண்டியதில்லை. நிரப்பிய எலும்பு எல்லாருக்கும் முழுதாகப் பிடித்துவிடும் என்று உறுதி தர முடியாது. ஆனாலும் இந்தக் கட்டத்தில் தலையிடுவதை, உலோகம் அமிழ்ந்த பின் தலையிடுவதோடு ஒப்பிடவே முடியாது. வலியே இல்லாத ஒருவருக்கு இந்த அறுவையைப் பரிந்துரைப்பது மருத்துவருக்கும் சங்கடம், ஏற்றுக்கொள்வது நோயாளிக்கும் கடினம். என்றாலும் வளர்கிற பெரிய குழியோடு சும்மா இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

உலோகம் தளர்ந்துவிட்டது என்றால் பாதை இரண்டு. மறு அறுவைக்கென்று செய்யப்பட்ட பெரிய மூட்டைப் பொருத்தலாம். அல்லது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இடைவெளியை எலும்பால் நிரப்பிக் கணுக்காலை அசையாமல் இணைத்துவிடலாம். டாலஸ் மிகவும் சிதைந்திருந்தால் அதற்குக் கீழுள்ள மூட்டையும் சேர்த்து, குதிகால் வழியாகக் கம்பி செலுத்தி இணைக்க வேண்டி வரும். எலும்பு சேர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்குச் சேராமலும் போகும், கால் சற்றுக் குட்டையாகலாம். எந்த மறு அறுவைக்கும் முன்னால் தொற்று இல்லை என்பதை இரத்தப் பரிசோதனையாலும், மூட்டிலிருந்து ஊசியால் எடுத்த திரவத்தாலும் உறுதிசெய்ய வேண்டும். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது நிற்பது இந்த இடத்துக்கு வெகு முன்னால் என்பதால்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் தம்பி. அவருக்கு நீங்கள்தான் உதாரணம், ஒன்பது ஆண்டு வலியில்லாமல் நடப்பது அவர் கண்ணெதிரே இருக்கிறது. அது பொய்யும் அல்ல. ஆனால் ஒருவருடைய கால் இன்னொருவருடைய காலுக்கு உத்தரவாதம் ஆகாது. இந்த அறுவையின் நீண்டகாலக் கணக்கு என்ன என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.

கணுக்கால் மூட்டு மாற்று 1970-களில் தொடங்கியது. சிமெண்ட் வைத்து ஒட்டிய அந்த முதல் தலைமுறை மூட்டுகள் விரைவில் தளர்ந்துபோயின. இது வேண்டவே வேண்டாம் என்று 1980-களில் பல நிபுணர்கள் கைவிட்டார்கள். சிமெண்ட் இல்லாமல், எலும்பு தானே வளர்ந்து பிடித்துக்கொள்ளும் வகைகள் வந்த பிறகுதான் நம்பிக்கை திரும்பியது. ஸ்வீடன் தன் நாட்டில் பொருத்தப்படும் ஒவ்வொரு கணுக்காலையும் பதிவேட்டில் ஏற்றுகிறது. அங்கே 1993 முதல் 2010 வரை பொருத்திய 780 மூட்டுகளைப் பார்த்ததில், ஐந்தாம் ஆண்டில் 81 சதவீதமும் பத்தாம் ஆண்டில் 69 சதவீதமும் எடுக்கப்படாமல் இருந்தன. நார்வேயின் பதிவேட்டில் பத்தாம் ஆண்டுக் கணக்கு 76 சதவீதம். ஹின்டெக்ரா என்ற மூட்டைப் பற்றி 2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 722 கணுக்கால்களில் பத்தாம் ஆண்டில் 84 சதவீதம் நிலைத்திருந்தன. அதே ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 89 சதவீதம் என்றார்கள்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பழைய வகை மூட்டுகளும், அறுவை நிபுணர்கள் கற்றுக்கொண்டிருந்த காலமும் சேர்ந்தது தேசியப் பதிவேடு. தனி ஆய்வுகள் பெரும்பாலும் அனுபவம் மிகுந்த மையங்களிலிருந்து வருபவை, சில அந்த மூட்டை வடிவமைத்தவர்களே எழுதியவை. இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் உங்கள் தம்பி எதிர்பார்க்கக்கூடிய எண் இருக்கும். எங்கே என்பதைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு யார் செய்கிறார், வருடத்துக்கு எத்தனை செய்கிறார் என்பதற்கு உண்டு. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுகளைவிட இந்த எண்கள் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தச் சதவீதங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உலோகப் பகுதியை எடுக்காமல் இருந்தாலே அது "நிலைத்த மூட்டு" என்று எண்ணப்படுகிறது. அந்த ஆளுக்கு வலி இருக்கிறதா, எலும்பு உரசலுக்காக ஒரு முறை திறந்து சுத்தம் செய்தார்களா, குழியை நிரப்பினார்களா என்பதெல்லாம் அந்த எண்ணில் வராமல் போகலாம். நாளை உங்களுக்கு எலும்பு நிரப்பும் அறுவை நடந்தாலும் பல கணக்குகளில் நீங்கள் வெற்றிப் பட்டியலிலேயே இருப்பீர்கள். ஆகவே "எத்தனை வருடம் வரும்" என்று மட்டும் கேட்டால் விடை பாதிதான் கிடைக்கும். "இடையில் எத்தனை பேருக்கு வேறு அறுவை தேவைப்பட்டது, தோற்றால் அடுத்து என்ன" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மாற்றுவழி என்பது கணுக்காலை அசையாமல் இணைத்துவிடும் அறுவை. மருத்துவர்கள் ஃபியூஷன் என்பார்கள். பெயரைக் கேட்டாலே பலர் மிரள்கிறார்கள், கால் மரக்கட்டை ஆகிவிடும் என்று. அப்படி ஆகாது. பாதத்தின் மற்ற மூட்டுகள் அசைந்துகொடுக்கும், சமதரையில் நடப்பவரைப் பார்த்தால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. மேடு பள்ளம், படி, சரிவு இவற்றில்தான் வித்தியாசம் தெரியும். பிரிட்டனில் 50 முதல் 85 வயது வரையுள்ள 303 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்கு மூட்டு மாற்றும் பாதிப்பேருக்கு இணைப்பும் செய்து பார்த்தார்கள். டார்வா என்ற அந்த ஆய்வு 2022-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் இரு தரப்புக்கும் வலியும் நடையும் நன்றாகவே தேறியிருந்தன, மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும்படி ஏற்றத்தாழ்வு இல்லை. மூட்டு மாற்றில் காயம் ஆறாத தொல்லையும் நரம்புக் காயமும் கூடுதல். இணைப்பில் 7 சதவீதம் பேருக்கு எலும்பு சேராமல் தொந்தரவு கொடுத்தது. ஐந்தரை ஆண்டு சராசரியாகப் பார்த்த கனடா ஆய்வு ஒன்றில், மறு அறுவை மூட்டு மாற்றுக்கு 17 சதவீதம், இணைப்புக்கு 7 சதவீதம்.

இணைப்புக்கும் நீண்டகால விலை உண்டு. அசையாத கணுக்காலின் வேலையைப் பக்கத்து மூட்டுகள் சுமப்பதால், பத்து இருபது ஆண்டுகளில் அவை தேயத் தொடங்கும். எல்லாருக்கும் அது வலியாக மாறுவதில்லை. ஆனால் ஏற்கெனவே பக்கத்து மூட்டு தேய்ந்தவருக்கோ, மறு காலில் இணைப்பு நடந்தவருக்கோ, முடக்குவாதத்தால் பாதத்தில் பல மூட்டுகள் பாதிக்கப்பட்டவருக்கோ இது பெரிய விஷயம். அவர்களுக்கு மூட்டு மாற்றை நானே முதலில் எடுத்துச் சொல்வேன்.

உங்கள் தம்பிக்கு 52 தான் ஆகிறது. மூட்டு பத்துப் பதினைந்து ஆண்டு வந்தாலும் அப்போது அவருக்கு அறுபதுகள்தான். மறு அறுவை கிட்டத்தட்ட நிச்சயம் என்று எண்ணியே அவர் முடிவெடுக்க வேண்டும். வயது குறைந்தவர்கள் காலை அதிகம் பயன்படுத்துவதால் பிளாஸ்டிக்கும் அதிகம் தேயும். அவர் ஓடியாடி, பாரம் சுமந்து வேலை செய்பவர் என்றால், பக்கத்து மூட்டுகள் நன்றாக இருக்கும்பட்சத்தில், இணைப்பு அறுவையையே நான் பரிந்துரைப்பேன். உட்கார்ந்து வேலை செய்பவர், உடல் எடை கட்டுக்குள் இருக்கிறது, கணுக்கால் பெரிதாகக் கோணவில்லை, எலும்பு தரமாக இருக்கிறது என்றால் மூட்டு மாற்றைப் பற்றிப் பேசலாம். புகைப்பவர் என்றால் முதலில் அதை விட்டாக வேண்டும். கணுக்காலின் முன்புறத் தோல் மெல்லியது, புகைப்பவர்களுக்குக் காயம் ஆறாமல் உலோகமே வெளியே தெரியும் நிலை வரலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தாலோ, காலுக்கு இரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ, டாலஸ் எலும்பு உயிரிழந்து கிடந்தாலோ மூட்டு மாற்று வேண்டாம்.

இன்னொன்றையும் அவர் மனத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். செயற்கை மூட்டு வலியைப் போக்கும், இழந்த அசைவைப் பெரிதாகத் திருப்பித் தராது. அறுவைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியதோ, பின்னரும் ஏறக்குறைய அவ்வளவுதான், சில பாகைகள் கூடினால் லாபம். நடை, நீச்சல், சைக்கிள் எல்லாம் சரி. ஓட்டமும் குதிப்பும் கூடாது. முதல் ஆறு வாரம் கணுக்காலை அசையாமல் பிடிக்கும் பூட்ஸோடும் ஊன்றுகோலோடும் போகும், வீக்கம் முழுதாக வடிய ஓராண்டு ஆகும். இவ்வளவையும் கேட்ட பிறகும் அவருக்கு விருப்பம் இருந்தால் அதில் தவறில்லை. அதற்குமுன், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, வளைந்த அடிப்பாகமுள்ள செருப்பு, எடை குறைப்பு, ஸ்டீராய்டு ஊசி இவற்றையெல்லாம் ஒழுங்காக முயன்றாரா என்று கேளுங்கள். ஐம்பத்திரண்டில் செய்வதற்கும் ஐம்பத்தெட்டில் செய்வதற்கும் இந்த அறுவையில் நிறைய வித்தியாசம் உண்டு.

நீங்கள் ஸ்கேனுக்குப் போகும்போது அவரையும் உடன் அழைத்துப் போங்கள். உங்கள் படங்களை மருத்துவர் ஒப்பிட்டு விளக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேவுக்கு வாழ்நாள் முழுக்க வரத் தயாரா என்று அவரிடம் அங்கேயே கேளுங்கள். தயாரில்லை என்றால் மூட்டு மாற்று அவருக்கு வேண்டாம் என்பது என் கருத்து.